குகை வீட்டுக் கட்டில்

ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு கட்டில் இருக்கிறது. கட்டில் என்பதைவிடக் கட்டிலின் வார்ப்பு என்பதுதான் சரி. மரம் மக்கி மண்ணாகி மூவாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. அது நின்ற இடம் மட்டும் இறுகிய எரிமலைச் சாம்பலுக்குள் வெறும் பொந்தாக மிஞ்சியிருந்தது. தோண்டிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பொந்துக்குள் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினார்கள். இறுகியதும் சுற்றியிருந்த சாம்பலைச் சுரண்டி எடுத்தார்கள். காலும் சட்டமுமாகக் கட்டில் எழுந்து வந்துவிட்டது.

அது கிடைத்த இடம் கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில், தெற்கு முனையில் உள்ள அக்ரோத்திரி. நிலம் நடுங்கத் தொடங்கியதும் அந்த ஊர்க்காரர்கள் கட்டிலையும் சாமானையும் வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். பிறகு ஊரையே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இதுவரை தோண்டிய பகுதியில் எரிமலையில் மாட்டிச் செத்த ஒருவருடைய எலும்புகூட அகப்படவில்லை. எங்கே போனார்கள் என்பது வேறு கதை.

இன்று அதே தீவில் இன்னொரு கட்டில் இருக்கிறது. கோடைக் காலத்தில் அதில் ஒரு ராத்திரி படுக்கப் பல நூறு யூரோ. வெள்ளைவெளேரென்ற குகை, வளைந்த கூரை, வாசலைத் திறந்தால் முந்நூறு மீட்டர் கீழே நீலக் கடல். தேனிலவுப் புகைப்படங்களிலும் ஓட்டல் நாள்காட்டிகளிலும் நாம் பார்த்துச் சலித்த காட்சிதான். பழைய கட்டிலை மூடிய அந்தச் சாம்பலைக் குடைந்துதான் புதிய கட்டிலைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தக் குகை யாரோ ஒரு ஓட்டல் முதலாளியின் கற்பனையில் பிறந்ததில்லை. கூரை போட வக்கில்லாதவன் தோண்டிய பொந்து அது. பொந்து எப்படி விடுதியானது என்பதுதான் கதை.

முதலில் மண். சுமார் 3,600 வருஷத்துக்கு முன்னால் இந்தத் தீவு வெடித்தது. நடுப்பகுதி கடலுக்குள் இறங்க, விளிம்பு மட்டும் பிறைபோல நின்றது. கடல் புகுந்த பள்ளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளம், 7 கிலோமீட்டர் அகலம். கால்டெரா என்று எல்லோரும் சொல்லும் சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் அண்டா என்று பொருள். அண்டாவின் உட்புறம் செங்குத்து. வெளிப்புறம் மெல்லச் சரிந்து கடற்கரைக்கு இறங்கும். மேலே விழுந்து படிந்த சாம்பலும் நுரைக்கல்லும் சில இடங்களில் ஐம்பது மீட்டர் கனம். ஊர்க்காரர்கள் அதை அஸ்பா என்கிறார்கள்.

அஸ்பா ஒரு விசித்திரமான மண். பிக்காசு போட்டால் இளகிக் கொடுக்கும். தோண்டியபின், வளைவாக விட்டால், விழாமல் நிற்கும். தீவிலோ மரம் கிடையாது. காற்று கொஞ்சம் உயர்ந்து வளர்ந்த எதையும் விட்டுவைக்காது. திராட்சைக் கொடியைக்கூடப் பந்தலில் ஏற்றாமல் தரையோடு தரையாகக் கூடைபோல வளைத்துப் பின்னி, அந்தக் கூடைக்குள் குலையை ஒளித்து வளர்க்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் வீடு கட்டுகிறவனுக்குச் சுவர் ஒரு பிரச்சினையே இல்லை, கல் நிறைய இருக்கிறது. உத்தரத்துக்கு எங்கே போவான்? கப்பலில் மரம் வரவழைக்கக் காசு வேண்டும். காசு இல்லாதவன் மலையையே கூரையாக வைத்துக்கொண்டு உள்ளே போனான். இந்த வீடுகளுக்குக் கிரேக்க மொழியில் இபோஸ்கஃபா என்று பெயர். அடியில் தோண்டியது என்று அர்த்தம், அவ்வளவுதான். அலங்காரமில்லாத பெயர்.

எல்லாரும் செங்குத்துப் பாறை முகத்திலேயே தோண்டினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வோத்தோனாஸ், கார்த்தெராதோஸ் போன்ற உள்ளூர்களில் மழைநீர் அரித்த வறண்ட ஓடைகளின் இரு கரையையும் குடைந்து வீடு வைத்தார்கள். ஓடைக்குள் இருந்தால் காற்று அடிக்காது. கடலில் வரும் கொள்ளைக்காரன் கண்ணுக்கு ஊர் தெரியாது. மேலே உழுத நிலமும் மிஞ்சும். கடலைப் பார்த்த வாசல் என்பது அன்று யாரும் விரும்பிக் கேட்ட வசதியில்லை.

ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். முகப்பு குறுகல், உள்நீளம் அதிகம். முகப்பின் நடுவில் கதவு. கதவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னல். கதவுக்கு மேலே, வளைவின் உச்சியை ஒட்டி, நாலாவதாக ஒரு சின்ன ஜன்னல். வீட்டுக்கு வரும் மொத்த வெளிச்சமும் மொத்தக் காற்றும் இந்த நாலு துவாரத்தின் வழியாகத்தான். கதவைத் திறந்ததும் முன்கட்டு, அதற்குச் சாலா என்று பெயர். முன்கட்டின் முடிவில் ஒரு தடுப்புச் சுவர். அந்தச் சுவரிலும் அதே கதவு, அதே இரண்டு ஜன்னல், மேலே அதே சின்ன ஜன்னல். வீட்டுக்குள்ளேயே இன்னொரு வீட்டு முகப்பு நிற்கிற மாதிரி இருக்கும். முன்கட்டுக்கு வந்த வெளிச்சத்தில் மிச்சத்தைப் பின்கட்டுப் படுக்கையறைக்கு வடிகட்டி அனுப்பத்தான் இந்த ஏற்பாடு. சூடான காற்று மேலே ஏறி அந்த உச்சி ஜன்னல் வழியாக வெளியேறும். கோடையில் குளுமை, குளிர்காலத்தில் கதகதப்பு. படித்த கட்டடக் கலைஞர் யாரும் தோண்டியவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

குறையும் உண்டு. மூன்று பக்கமும் மண் என்பதால் சுவரில் ஓதம் ஏறும். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு பொரிந்து கொட்டும். சமையலறை ஒரு மூலையில் குனிந்து நுழைகிற அளவுக்கு. கழிப்பிடம் முற்றத்தில், வீட்டுக்கு வெளியே. முற்றத்துக்கு அடியில் நீர்த்தொட்டி. தீவில் ஆறு இல்லை, நல்ல ஊற்றும் அபூர்வம். மழை பெய்தால் மொட்டைமாடியிலும் முற்றத்திலும் விழும் ஒவ்வொரு சொட்டும் வாய்க்கால் வழியாக அந்தத் தொட்டிக்குப் போகும். பாறை முகத்தில் இருக்கும் ஊர்களில் மேல்வீட்டுக்காரர் முற்றம்தான் கீழ்வீட்டுக்காரருக்குக் கூரை. மேலே குழந்தை குதித்தால் கீழே கிழவி கத்துவாள். இதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் மேல்மாடி கீழ்மாடி என்று குடியிருந்த யாருக்கும் ஆதாரம் தேவைப்படாது.

தோண்டியெடுத்த மண்ணையும் வீணாக்கவில்லை. அந்தச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்கடியிலும் இறுகும் சாந்து கிடைக்கும். உள்ளே தோண்டிய மண்ணே முகப்புச் சுவருக்கும், நீர்த்தொட்டிப் பூச்சுக்கும், பாறையிலிருந்து வெளியே நீட்டிக் கட்டிய வளைவுக்கும் சாந்தாயிற்று. நமக்கு இது புதிதில்லை. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சுண்ணாம்பு, சுர்க்கி என்று கேட்கிறோமே, அதே வேதியியல்தான். செங்கல்லைச் சுட்டுப் பொடித்து நாம் செயற்கையாகச் செய்த சுர்க்கியை அங்கே எரிமலை சும்மா கொடுத்துவிட்டது. அப்படிப்பட்ட மண்ணை வெளியூர்க்காரன் விட்டுவைப்பானா? 1859-ல் சூயஸ் கால்வாய் வேலை தொடங்கியதும் துறைமுகக் கட்டுமானத்துக்காக இந்த மண் கப்பல் கப்பலாகப் போயிற்று. எதிர்க்கரையில் உள்ள தெராசியா என்ற குட்டித் தீவில் சுரங்கம் வெட்டினார்கள். வெட்டிக்கொண்டே போனபோது சாம்பலுக்கு அடியில் மனிதன் கட்டிய சுவர்கள் தட்டுப்பட்டன. ஃபெர்தினான் ஃபூக்கே என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 1867-ல் வந்து ஆராய்ந்தார். அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1967-ல், ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் அக்ரோத்திரியைத் தோண்டத் தொடங்கினார். முதல் பத்தியில் பார்த்த கட்டில் இப்படித்தான் வெளியே வந்தது.

குகை விடுதி என்றதும் உலகம் நினைக்கிற ஊர், வட முனையில் இருக்கும் ஈயா. அங்கே இந்த வீடுகள் இரண்டு சாதியாகப் பிரிந்து கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஈயா பாய்மரக் கப்பல்காரர்களின் ஊர். தீவின் இனிப்பு ஒயினான வின்சாந்தோவை ரஷ்யாவுக்கு ஏற்றிப்போவார்கள், அங்கே அது தேவாலயப் பூசைக்குப் போகும். திரும்பும்போது மரம் வரும். அந்த மரத்தில் யார் வீட்டுக்கு உத்தரம் போட்டார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. மலை உச்சியில், தரைமேல், இரண்டு மாடியும் தட்டைக் கூரையும் தூண் முகப்புமாகக் கப்பல் தலைவர்களின் வீடுகள் எழுந்தன. அவர்களிடம் வேலை பார்த்த மாலுமிகள் கீழே பாறைமுகத்துப் பொந்துகளில் குடும்பத்தோடு இருந்தார்கள். மேல்வீடு பெரிய வீடு, கீழ்வீடு கூலிவீடு. இன்று வாடகை தலைகீழ். மாலுமியின் பொந்துதான் ஏலம் போகிறது.

நீராவிக் கப்பல் வந்தது, பாய்மரம் சுருண்டது. கப்பல் தொழில் ஏதென்ஸ் பக்கம் பிரேயஸ் துறைமுகத்துக்குப் போயிற்று. 1917-க்குப் பிறகு ரஷ்யச் சந்தையும் கைவிட்டது. ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டிருந்தது. மிச்சத்தை ஒரு விடியற்காலை முடித்துவைத்தது.

1956 ஜூலை 9. அமோர்கோஸ் தீவுக்கு அருகில் கடலடியில் 7.5-க்கும் மேற்பட்ட அளவில் நிலநடுக்கம். சில நிமிஷங்களில் இரண்டாவதும் பலமாக அடித்தது. ஆழிப்பேரலை எழுந்தது. 53 பேர் இறந்தார்கள். சாந்தோரினியில் நூற்றுக்கணக்கான வீடுகள் தரைமட்டம், ஈயாவில் சேதம் மிக அதிகம். கப்பல் தலைவர்களின் மாடி வீடுகளும் விழுந்தன, பொந்துகளின் முகப்பும் பாறையோடு பெயர்ந்து விழுந்தது. அரசாங்கம் கான்ஸ்டன்டினோஸ் டெகாவாலாஸ் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. பாராட்ட வேண்டிய குழு. அவர்கள் தீப்பெட்டி மாதிரி வீடுகளை அடுக்கிவிட்டுப் போகவில்லை. தீவின் வளைவுக் கூரையையே எடுத்துக்கொண்டு, பத்திரமான சமதளத்தில், புதிய குடியிருப்புகளைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் வீடு கிடைத்ததும் பிழைப்பு கிடைத்துவிடாதே. ஏராளமான பேர் ஏதென்ஸுக்கோ அதற்கப்பாலோ கிளம்பிவிட்டார்கள். பாறை முகத்துப் பொந்துகள் பூட்டுக்கூட இல்லாமல் கிடந்தன.

அதன்பிறகு கொஞ்ச காலம் கதையில் விசேஷமில்லை. படகிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரப் பையன்களை மடக்கிப் பிடித்து, தன் வீட்டில் ஒரு அறையைக் கொடுத்து நாலு காசு பார்ப்பது எல்லாத் தீவுகளிலும் நடந்ததுதான். வீட்டு வாசலில் தொமாத்தியா என்று எழுதிய பலகை தொங்கும். அறைகள் என்று பொருள். துறைமுகத்தில் கறுப்பு உடையில் நிற்கும் கிழவி அந்தச் சொல்லையே கூவுவாள். போர்வை அவளுடையது, காலை காப்பி அவள் போட்டது, பக்கத்து அறையில் குறட்டை விடுவது அவள் புருஷன். அரசாங்கம் தன் பங்குக்கு செனியா என்ற பெயரில் நாடு முழுக்க ஓட்டல்கள் கட்டியது. 1957 முதல் 1967 வரை அதன் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த அரிஸ் கான்ஸ்டன்டினிடிஸ் கான்கிரீட்டும் உள்ளூர்க் கல்லும் கொண்டு கட்டிய அந்த ஓட்டல்கள் இன்றும் மாணவர்களுக்குப் பாடம். பாழாகிக் கிடந்த ஊர்களைப் பற்றி மட்டும் யாருக்கும் யோசனை வரவில்லை.

யோசனை வந்தது 1970-களின் நடுவில். 1974-ல் கிரேக்கத்தில் ராணுவ ஆட்சி கவிழ்ந்தது. 1975-ல் வந்த புதிய அரசியல் சாசனம், தன் 24-வது பிரிவில், மரபான குடியிருப்புகளைக் காப்பது அரசின் பொறுப்பு என்று எழுதியது. அதே சமயத்தில் கிரேக்கத் தேசியச் சுற்றுலா அமைப்பு ஒரு திட்டத்தோடு கிளம்பியது. புதிய ஓட்டல் கட்டுவதை விட்டு, ஆள் இல்லாத பழைய ஊர்களில் ஆள் இல்லாத பழைய வீடுகளைப் பழுது பார்த்து விருந்தினர் விடுதியாக்குவது. கியோஸ் தீவில் மெஸ்தா, மானி பகுதியில் கோபுர வீடுகள் நிற்கும் வாத்தியா, பெலியோன் மலையில் மக்ரினித்சா, விஸித்சா, வடக்கே பாபிங்கோ என்று சில ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சாந்தோரினியில் ஈயா.

திட்டத்தின் சூட்சுமம் அதன் பத்திரத்தில் இருந்தது. வீட்டை யாரும் விற்க வேண்டாம். பத்து வருஷத்துக்கு அனுபவ உரிமையை மட்டும் அமைப்புக்கு எழுதிக் கொடுத்தால் போதும். அமைப்பு தன் செலவில் இடிந்த முகப்பை எடுத்துக் கட்டும், கழிப்பறை வைக்கும், மின்சாரம் இழுக்கும், தங்க வருகிறவர்களிடம் வாடகை வாங்கும். தவணை முடிந்ததும் பழுது பார்த்த வீடு பழையபடி சொந்தக்காரர் கைக்கு வந்துவிடும். நம்மூரில் போக்கியம், ஒத்தி என்று தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஏதென்ஸில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குத் தாத்தாவின் பொந்து ஒரு சொத்தாகத் திரும்பி வந்தது. இந்தக் கதையில் ஒரே ஒரு ஆளுக்கு மாலை போடச் சொன்னால், அந்தப் பத்திரத்தை எழுதிய பெயர் தெரியாத குமாஸ்தாவுக்குத்தான் நான் போடுவேன். பாரம்பரியத்தைக் காக்கிறோம் என்று சொல்லி ஜனங்களிடமிருந்து வீட்டைப் பிடுங்கும் திட்டங்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. இது பிடுங்காத திட்டம்.

வேலை செய்தவர்கள் அடக்கமாகச் செய்தார்கள். நாலு துவார முகப்பை அப்படியே வைத்தார்கள், நடுத்தடுப்பை உடைக்கவில்லை. முற்றத்துக் கழிப்பிடத்துக்குப் பதிலாக உள்ளே ஒரு மூலையில் குளியலறை வந்தது. கட்டில் கட்டிய திண்ணைபோலச் சுவரோடு ஒட்டிய மேடை ஆனது; மேலே மெத்தை போட்டால் படுக்கை. சுவர், மேடை, மாடம், அடுப்பு எல்லாம் ஒரே பூச்சில் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து ஓடின. இன்று உலகம் முழுக்க வீட்டு அலங்காரப் பத்திரிகைகள் பின்பற்றும் அந்தப் பாணியில் பெரும்பங்கு, மர சாமான் வாங்க வழியில்லாத வீட்டிலிருந்து வந்தது. அதன்பின் 1978-ல் அரசாணை ஒன்று நூற்றுக்கணக்கான ஊர்களை மரபுக் குடியிருப்புகளாக அறிவித்து, கண்டபடி கட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. திட்டத்துக்கு, மரபுச் சின்னங்களைக் காக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோப்பா நோஸ்த்ராவின் விருதும் கிடைத்தது.

வெள்ளை நிறம் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதை ஆதிகாலத்துப் பாரம்பரியம் என்று நம்புகிறவர்கள் அதிகம். பழைய சாந்தோரினியில் மண் நிறம், காவி, மங்கிய சிவப்பு எல்லாம் இருந்தன. கப்பல் தலைவர்கள் வீட்டு முகப்புக்கு வண்ணம் அடித்தார்கள். தீவுகள் ஒட்டுமொத்தமாக வெளுத்தது இருபதாம் நூற்றாண்டில். சர்வாதிகாரி மெட்டாக்ஸாஸ் காலத்தில், 1938-ல், காலரா பயத்தில் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்க உத்தரவு வந்தது. சுண்ணாம்பு கிருமியைக் கொல்லும், விலையும் மலிவு. பின்னால் 1967-ல் வந்த ராணுவ ஆட்சிக்கு வெள்ளையும் நீலமும் தேசியக் கொடியின் நிறமாகப் பிடித்துப்போயிற்று.

நீலம் எங்கிருந்து வந்தது? துணி வெளுக்கப் போடும் நீலப் பொடியிலிருந்து. அதைச் சுண்ணாம்பில் கலந்து கதவுக்கும் ஜன்னலுக்கும் அடித்தார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு வாளியில் ஒரு பொட்டலம் நீலம் போட்டுக் கலக்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கிரேக்கர்கள் அந்தப் பொடியை லூலாக்கி என்கிறார்கள். அரபி, பாரசீகம் வழியாகப் பின்னோக்கிப் போனால் அந்தச் சொல் முடிகிற இடம் நீலம். அவுரிச் செடியின் சாயத்தோடு நம் பக்கத்திலிருந்து கப்பலேறிய அதே சொல். சாந்தோரினியின் ஜன்னலில் நாம் பார்த்து வியக்கும் அந்த நிறத்துக்கு நம் வீட்டுப் பெயர்தான்.

ஈயாவின் விடுதிகள் வெற்றி பெற்றதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? சொந்தக்காரர்கள் தாங்களே வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். விற்றவர்களும் உண்டு. 1982-ல் வந்த சம்மர் லவர்ஸ் என்ற ஹாலிவுட் படம் தீவைத் திரையில் காட்டியது. விமானம் வந்தது, உல்லாசக் கப்பல் வந்தது. ஒயின் வைத்திருந்த கானவா என்னும் நிலத்தடி அறைகளும் விடுதியாயின. மாட்டுக் கொட்டிலும் விடுதியாயிற்று. கைப்பேசியில் வீட்டை வாடகைக்கு எடுக்கும் காலம் வந்தபோது மிச்சமிருந்த பொந்துகளும் போயின. தொமாத்தியாக் கிழவி நின்ற இடத்தில் இப்போது எண் பூட்டு தொங்குகிறது. விருந்தாளி ரகசிய எண்ணை அழுத்தி உள்ளே போகிறார், யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்புகிறார். வீட்டுக்காரரைப் பார்க்காத வீட்டுத் தங்கல்.

தீவின் நிரந்தர மக்கள்தொகை சுமார் 15,000. வருஷத்துக்கு வந்துபோகிறவர்கள் 30 லட்சத்துக்கு மேல். கப்பல்களிலிருந்து ஒரு நாளைக்கு 8,000 பேருக்குமேல் இறங்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 2025 கோடையிலிருந்து, நெரிசல் மாதங்களில் கப்பல் பயணி ஒருவருக்கு 20 யூரோ கட்டணமும் வைத்தாயிற்று. எல்லாப் பொந்தும் விருந்தாளிக்கென்று ஆனபின் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் ஆஸ்பத்திரி டாக்டருக்கும் வாடகை வீடு கிடைப்பதில்லை. தீவுக்கு மாற்றல் வந்தால் வேண்டாம் என்று ஓடுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது குளம். தனிக் குளம் இல்லாத குகை அறைக்கு இப்போது மதிப்பில்லை. மழைச் சொட்டை எண்ணிச் சேமித்த அதே முற்றத்தில், கடல்நீரை உப்பு நீக்கிக் கொண்டுவந்து, ஒருவர் நனைவதற்காகத் தொட்டி நிறைத்து வைத்திருக்கிறார்கள். அழகைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ இங்கே பேசவில்லை, எடையைப் பற்றிப் பேசுகிறேன். தண்ணீர் ஒரு கன மீட்டர் ஒரு டன். இளகிய சாம்பல் பாறையின் விளிம்பில், இன்னொருவர் கூரைமேல், பத்து இருபது டன் தண்ணீர் நிற்கிறது. கசிந்தால் பாறைக்குள்தான் இறங்கும்.

2025 ஜனவரிக் கடைசியில் நிலம் மறுபடி ஆடத் தொடங்கியது. சாந்தோரினிக்கும் அமோர்கோஸுக்கும் நடுவில், 1956-ல் ஆடிய அதே கடல் பகுதியில், ஆயிரக்கணக்கான அதிர்வுகள். பெரியது பிப்ரவரி 10 அன்று, 5.3 அளவு. பள்ளிகளை மூடினார்கள், அவசரநிலை அறிவித்தார்கள். 11,000-க்கும் மேற்பட்டோர் படகிலும் விமானத்திலும் தீவை விட்டுப் போனார்கள். பாறை அடிவாரத்துப் பழைய துறைமுகங்களுக்குப் போகாதீர்கள் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். கூடவே வந்த இன்னொரு உத்தரவு: நீச்சல் குளங்களைக் காலி செய்யுங்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்தது. போனவர்கள் திரும்பினார்கள், வசந்தத்தில் குளங்களும் நிரம்பின.

போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம் சொல்லலாம். பாறை முகத்து அறை எடுத்தால் பெட்டியைச் சின்னதாக வையுங்கள். வாசலுக்கு வண்டி வராது, எல்லாம் படிதான். தலைநகர் ஃபிராவிலிருந்து பழைய துறைமுகத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 600 படிகள். ரோப் கார் இருக்கிறது, அதில் வரும் காசில் ஒரு பங்கு கழுதைக்காரர்களுக்குப் போகிறது என்பதால் மனசாட்சிக்கும் நல்லது. கழுதைமேல் ஏறியே தீருவேன் என்பவர்களுக்கு 2018 முதல் சட்டம் உண்டு, 100 கிலோவுக்குமேல் ஏற்றக் கூடாது. ஈயாவின் பழைய கோட்டையில் சூரியன் மறைவதைப் பார்க்க நிற்கும் கூட்டத்தில் சூரியனைவிட முதுகுகள்தான் அதிகம் தெரியும். அந்த நேரத்தில் வோத்தோனாஸ் ஓடைக்குள் இறங்கினால், மாலுமிக்கும் முன்னால் விவசாயி தோண்டிய வீடுகளைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம். அக்ரோத்திரிக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். 2005-ல் அதன் கூரை இடிந்து ஒரு பயணி இறந்தார். புதிய கூரையோடு 2012-ல் மறுபடி திறந்தார்கள்.

ஒரு நாள் மிச்சமிருந்தால், ஈயாவுக்குக் கீழே அம்மூதி துறையிலிருந்து தெராசியாவுக்குப் படகு ஏறுங்கள். சூயஸுக்கு மண் கொடுத்த அந்தத் தீவுதான். அங்கே இருப்பவர்கள் சில நூறு பேர். படியேறிப் போனால் பாறை விளிம்பில் மனோலாஸ் என்ற ஊர். கதவு, இரண்டு பக்கமும் ஜன்னல், மேலே ஒரு சின்ன ஜன்னல் என்று ஈயாவில் பார்த்த அதே முகப்புகள் அங்கேயும் வரிசையாக நிற்கும். எதிரே தெரிவதும் அதே கடல். பல வீடுகளில் வெள்ளையடித்து எத்தனையோ காலமாகிறது. சிலவற்றில் கதவே இல்லை, தலையை நீட்டிப் பின்கட்டு வரைக்கும் பார்க்கலாம்.